மூன்று குதிரை போதும்

திண்டிவனம்
12-8-1940

அண்ணன் இருதயராஜுக்கு லூர்துமேரி எழுதுவது.

மூன்று வருஷம் கழித்து என் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று பயப்பட வேண்டாம். நான் சுகமாக இருக்கிறேன். சமாதானம் பேசவும் எழுதவில்லை. புருஷனைப் பறிகொடுத்தவள் வீட்டோடு கிடக்க வேண்டும், பிரசவம் பார்க்கிற வேலைக்குப் போவதென்றால் இந்த வாசலை மிதிக்காதே என்றீர்கள். நான் மிதிக்கவில்லை.

கேட்க வந்தது ஒரு மோட்டாரைப் பற்றி. எனக்குத் தெரிந்தவர்களில் இயந்திரம் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான்.

இங்கே பிரசவ உதவிக் கமிட்டியில் எனக்கு வேலை. கழுவேலி ஏரிக்குள்ளே இருக்கிற மேடுகளிலும் அக்கரையிலும் உப்பளத்துக் கூலிக்காரர்கள் இருக்கிறார்கள். மழைக் காலத்தில் அவர்களுக்குப் படகுதான் வழி. பூமாலை என்கிறவன் கழி ஊன்றித் தள்ளுகிறான். போக இரண்டரை மணி, எதிர்க்காற்று அடித்தால் நான்கு மணி. சென்ற மழையில் நான் போய்ச் சேர்வதற்குள் ஒரு பெண் முடிந்துவிட்டாள். அதனால் படகின் பின்பக்கம் மாட்டுகிற மோட்டார் ஒன்று வாங்கக் கமிட்டி தீர்மானித்திருக்கிறது. எத்தனை குதிரை சக்தி வேண்டும் என்று காரியதரிசி அரங்கநாதன் கேட்கிறார். அவர் வக்கீல். அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

படகு பதினாறு அடி நீளம், நான்கடி அகலம், தட்டையான அடி. பின்பலகை முக்கால் அங்குல கனம். ஐப்பசியில் தண்ணீர் மார்பளவு, மற்ற நாளில் முழங்கால். கோரையும் பாசியும் உண்டு. ஏறுகிறவர்கள் நான்கு பேர், என் பெட்டி ஒன்று.

ஒரு வரியில் பதில் எழுதினால் போதும். வேறு எதுவும் எழுத வேண்டியதில்லை.

லூர்துமேரி


விழுப்புரம்
19-8-1940

தங்கச்சி லூர்துவுக்கு,

ஒரு வரியில் எழுதச் சொன்னாய். மூன்று. மூன்று குதிரை போதும்.

இதோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் வக்கீல் "ஏன் மூன்று?" என்று கேட்பாரே, நீ என்ன சொல்வாய்? அதனால் எழுதுகிறேன். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு துரை வாத்து சுடுகிற படகின் மோட்டாரை எங்கள் ரயில் இன்ஜின் ஷெட்டுக்குக் கொண்டுவந்து என்னிடம் பிரிக்கக் கொடுத்தார். பிரித்துப் பூட்டி, ஏரியில் விட்டு ஓட்டியும் பார்த்தேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

உன் படகு தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகிற படகு. மணிக்கு ஆறு மைல் அதன் எல்லை. அந்த ஆறு மைலுக்கு மூன்று குதிரை தாராளம். அதற்கு மேல் ஒன்பது போட்டாலும் பன்னிரண்டு போட்டாலும் வேகம் கூடாது. மூக்கு மேலே தூக்கும், பின்பக்கம் கீழே உட்காரும். பின்பலகை மேலாகத் தண்ணீர் வரும். இது ஒன்று.

கனம் இன்னொன்று. மூன்று குதிரை மோட்டார் முப்பத்தைந்து ராத்தல் இருக்கும். பாசி சுற்றினால் பூமாலை ஒற்றைக் கையால் தூக்கிச் சாய்த்து, தண்ணீருக்குள் சுற்றுகிற விசிறியைத் துடைத்துக்கொள்வான். ஒன்பது குதிரை எண்பது ராத்தலுக்குக் குறையாது. தூக்க இரண்டு பேர் வேண்டும். சின்னப் படகில் இரண்டு பேர் பின்னால் போனால் என்ன ஆகும் என்று நீயே நினைத்துப் பார். முக்கால் அங்குலப் பலகை அந்த உதறலைத் தாங்காது.

வேறு எதுவும் எழுதாதே என்றாய், எழுதவில்லை. உன் கடிதத்தை உன் அண்ணி சவுரி இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டாள். எனக்கு இங்கே சங்கு ஊதினால் உள்ளே, சங்கு ஊதினால் வெளியே. பன்னிரண்டு வருஷமாகிறது. யுத்தம் வந்ததிலிருந்து லீவு என்ற பேச்சே கிடையாது. உனக்கும் எனக்கும் நடுவே இருபத்து மூன்று மைல்தான், தெரியுமா?

இருதயராஜ்


திண்டிவனம்
3-9-1940

அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தைக் காரியதரிசியிடம் படித்துக் காட்டினேன். அவர் சிரித்தார். "உங்க அண்ணன் ரயில் பாக்கறவரா, போட் பாக்கறவரா?" என்று கேட்டார். பட்டணத்தில் ஒரு துரை ஊருக்குப் போகிறாராம், அவருடைய ஒன்பது குதிரை மோட்டார் விலைக்கு வருகிறதாம். கமிட்டியில் இரண்டு பேருக்கு ஏரியில் வாத்து சுடுகிற ஆசை உண்டு. அவர்களுக்கு மூன்று குதிரை பிடிக்கவில்லை.

நேற்று என்னைக் கூப்பிட்டு இங்கிலீஷில் டைப் அடித்த காகிதம் ஒன்றை நீட்டினார். ஆபத்துக் கேசுகளுக்கு விரைந்து போக ஒன்பது குதிரைக்குக் குறையாத மோட்டார் அவசியம் என்று நர்ஸ் கருதுகிறாள் என்று அதில் இருந்தது. கீழே என் பெயர். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். "தாராளமா யோசிங்கம்மா. உங்க பாண்டுல இன்னும் ரெண்டு வருஷம் இருக்கில்ல?" என்றார். குரலை உயர்த்தவே இல்லை.

பாண்டு என்னவென்று உங்களுக்குத் தெரியாது. கமிட்டிதான் என்னைப் படிக்க வைத்தது. ஐந்து வருஷம் அவர்கள் சொல்கிற இடத்தில் இருக்க வேண்டும். நடுவில் இவள் லாயக்கில்லை என்று அவர்கள் ஒரு வரி எழுதினால் தாதிகள் பதிவிலிருந்து என் பெயரை அடித்துவிடுவார்கள். அதற்கப்புறம் எந்த ஊரிலும் நான் ஒரு குழந்தையைக் கையில் ஏந்த முடியாது.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். வாசித்துப் பார்த்துத்தான் போட்டேன். தெரியாமல் போட்டேன் என்று சொல்லிக்கொள்ள வழியில்லை.

லூர்துமேரி


விழுப்புரம்
9-9-1940

லூர்து,

படித்ததும் கோபம் வந்தது. நான்கு பக்கம் எழுதினேன். சவுரி வாங்கிக் கிழித்துப் போட்டுவிட்டு, "மறுபடியும் மூணு வருஷம் ஆக்கப் போறியா?" என்று கேட்டாள். அதனால் இது இரண்டாவது கடிதம்.

உன்னைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை? போன வருஷம் பார்க்காத ஒரு வால்வைப் பார்த்ததாக எழுதி போர்மன் நீட்டினார். நானும் போட்டேன். அந்த இன்ஜின் தஞ்சாவூர் போய்த் திரும்புகிற வரைக்கும் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒன்றும் ஆகவில்லை. ஆகாததால் இன்றைக்கும் போர்மனுக்கு நான் நல்ல பிட்டர்.

ஒன்பது குதிரை வந்தால் நீ செய்ய வேண்டியது இது. முழு விசை வைக்க விடாதே, பாதி போதும். மூன்று பேருக்கு மேல் ஏற்றாதே. கனமான பெட்டியை முன்னால் வை. எது எப்படி ஆனாலும் கழியைப் படகில் போட்டுக்கொள்ளாமல் கரையை விடாதே. மோட்டார் என்பது நடுவழியில் நின்றுபோகிற சாமான்.

பலகையைப் பலப்படுத்த என்னைக் கேட்காதே. அந்த மோட்டாருக்கு நான் ஒரு ஆணி கூட அடித்துத் தர மாட்டேன்.

இருதயராஜ்


திண்டிவனம்
2-10-1940

அண்ணா,

மோட்டார் வந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டிலிருந்து மாட்டு வண்டியில் வைத்து ஏரிக்கரை வரை கொண்டு போனோம். பூமாலையும் வண்டிக்காரனும் சேர்ந்துதான் இறக்கினார்கள். "இன்னாம்மா இது, எருமக்கன்னு கனம் கனக்குது. இத்த மாட்டிக்கினு நாம எங்க குந்தறது?" என்று பூமாலை கேட்டான்.

மாட்டிப் பார்த்தோம். யாரும் ஏறாமலே பின்பக்கம் ஒரு சாண் இறங்கியது. கயிற்றைச் சுற்றி இழுத்துக் கிளப்பி நூறு கஜம் போவதற்குள் பின்பலகை குறுக்காக விரிசல் விட்டது. அந்தச் சத்தம் என் காதில் விழுந்தது. காரியதரிசி கரையில் குடை பிடித்துக்கொண்டு நின்றார். பலகையைப் பலப்படுத்தினால் சரியாகிவிடும் என்றார். இங்கே ஆசாரி, இரும்புக் கோணமும் தேக்குப் பலகையும் வேண்டும், அளவாகத் துளை போடத் தன்னிடம் சாமான் இல்லை என்கிறார்.

நீங்கள் கேட்காதே என்றீர்கள். தெரிந்துதான் கேட்கிறேன். மழை பிடித்துவிட்டது. இன்னும் பதினைந்து நாளில் ஏரி நிறையும். மேட்டில் ஆறு பெண்கள் மாசமாக இருக்கிறார்கள். அந்தப் படகில் போக மாட்டேன் என்று சொல்ல என்னால் முடியாது. விரிசல் விட்ட பலகையோடு போவதா, பலப்படுத்திய பலகையோடு போவதா என்பது மட்டும்தான் என் கையில் இருக்கிறது. அதுவும் உங்கள் கையில் இருக்கிறது.

அளவு இத்துடன் வைத்திருக்கிறேன்.

லூர்து


விழுப்புரம்
15-10-1940

லூர்து,

இரும்புக் கோணம் இரண்டு, தேக்குப் பலகை ஒன்று, போல்ட் நட்டு எட்டு, பித்தளை ஆணி ஆறு. நாளைக் காலை பாசஞ்சரில் ரயில் கார்டு தேவசகாயம் கொண்டுவந்து ஸ்டேஷனில் கொடுப்பார். நம் கோயில்காரர்தான். பித்தளை ஆணி விசிறிக்கு. பாசியில் மாட்டினால் அது ஒடிந்து பல்சக்கரத்தைக் காப்பாற்றும். ஒடிந்ததும் வேறு போட வேண்டும்.

இரும்பு எங்கிருந்து என்று நீ கேட்பாய். ஷெட் ஸ்டோர் இரும்பு. யுத்த காலத்து இரும்பு. சாப்பாட்டுக் கூடையின் அடியில் வைத்து இரண்டு நாளில் வெளியே கொண்டுவந்தேன். பன்னிரண்டு வருஷத்தில் ஒரு திருகாணி எடுத்ததில்லை.

மோட்டாரைப் பலகையில் மாட்டுகிற வெறும் கவ்வியில் விடாதே. உதறலில் கழன்று குதிக்கும். கோணத்தோடு சேர்த்து போல்ட் போட்டு இறுக்கச் சொல். அப்போது பலகை தாங்கும். படகு தாங்காது. இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது என்பதை மறக்காதே. போன கடிதத்தில் சொன்னவை எல்லாம் அப்படியே இருக்கின்றன.

செய்ய மாட்டேன் என்று எழுதியவன் செய்து அனுப்புகிறேன். இதை நீ எனக்குச் சொல்லிக் காட்ட வேண்டாம்.

இருதயராஜ்


திண்டிவனம்
5-11-1940

அண்ணா,

இரும்பு வந்தது. பொருத்தினோம். பலகை அசையவில்லை. உங்கள் வேலையைப் பார்த்து ஆசாரி தடவித் தடவிப் பார்த்தார்.

பொய் சொல்ல மாட்டேன். பாதி விசையில் முக்கால் மணியில் மேட்டுக்குப் போய்விடுகிறோம். இந்தப் பதினைந்து நாளில் மூன்று பிரசவம், மூன்றுக்கும் வலி முற்றுவதற்குள் போய் நின்றேன். கிளம்பும்போது பூமாலையைப் பார்த்துச் சிரித்தேன் என்று அவன் சொல்கிறான். நீங்கள் சொன்னது தப்போ என்று கூட ஒரு நாள் நினைத்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை காரியதரிசி நண்பர்களோடு துப்பாக்கி எடுத்துக்கொண்டு வந்தார். உட்கார வசதியாக நீளவாட்டில் ஒரு பெஞ்சு அடித்திருக்கிறார்கள். கழி அதற்கு இடைஞ்சல் என்று எடுத்துக் கரையில் போட்டுவிட்டார்கள். மறுநாள் நான் எடுத்து வைத்தேன். வந்து பார்த்துவிட்டு, "மோட்டார் இருக்கறப்ப கழி எதுக்கும்மா?" என்றார். அவர் போனதும் மறுபடி எடுத்து வைத்தேன். இப்போது எனக்கும் அவருக்கும் நடுவில் இதுதான் வேலையாக இருக்கிறது.

மழை மாதம் முடிகிற வரை ஏரிக்கரைக் கொட்டகையில்தான் தங்குகிறேன். கடிதத்தைத் திண்டிவனத்துக்கே போடுங்கள், பஸ்காரர் கொண்டுவந்து தருகிறார்.

லூர்து


திண்டிவனம்
25-11-1940

அண்ணா,

ஆறு நாளாக எழுத உட்கார்ந்து எழுந்துவிடுகிறேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் மேட்டிலிருந்து ஆள் நீந்தியும் நடந்தும் வந்தான். அவன் பெண்டாட்டி வெள்ளையம்மாளுக்குக் குழந்தை பிறந்துவிட்டது, நஞ்சுக்கொடி விழவில்லை, ரத்தம் நிற்கவில்லை என்றான். ஓடிப் போய்ப் படகில் ஏறினோம். கழி இல்லை. ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் துப்பாக்கிக்காரர்கள் வந்திருந்தார்கள். எங்கே எறிந்தார்கள் என்று தேட நேரமில்லை. கழி இல்லை என்று தெரிந்துதான் கரையை விட்டேன்.

ஏழு மணிக்கு மேட்டில் இருந்தேன். ஆண் குழந்தை, நல்ல கனம். வயிற்றைப் பிசைந்து பார்த்தேன், நஞ்சு வரவில்லை. இந்த நிலையில் கையை உள்ளே விட்டு எடுப்பது டாக்டர் வேலை, தாதி செய்யக்கூடாது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும் என்பது விதி. அவளைப் படகில் படுக்க வைத்தேன். அவள் மாமியார் சின்னபொண்ணு குழந்தையைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். பூமாலை, நான். புருஷனுக்கு இடமில்லை. அவன் மேட்டிலேயே நின்றான்.

திரும்பும்போது காற்று முதுகுப் பக்கம். அலை பின்னாலிருந்து வந்தது. விசையைக் குறைத்தால் அலை பின்பலகையைத் தாண்டி உள்ளே விழுந்தது. கூட்டினால் பின்பக்கம் தானே உட்கார்ந்து தண்ணீரை அள்ளியது. நீங்கள் எழுதியதை அப்போது கண்ணால் பார்த்தேன். நான் தகரத்தால் தண்ணீரை இறைத்துக்கொண்டே வந்தேன். அலைக்கு மறைவாக இருக்கட்டும் என்று பூமாலை கோரைப் பக்கம் திருப்பினான். அங்கே பாசி விசிறியில் சுற்றி ஆணி ஒடிந்தது.

ஆணி மாற்ற மோட்டாரைத் தூக்க வேண்டும். நான் பின்னால் போனதும் படகு முங்கப் பார்த்தது, திரும்பிவிட்டேன். பூமாலை தண்ணீரில் இறங்கினான். மார்பளவு தண்ணீர், கீழே சேறு, கால் நிற்கவில்லை. மோட்டாரைக் கழற்றி ஏரியிலேயே விட்டுவிட்டால் படகு எழும்பும், தள்ளிக்கொண்டாவது போகலாம் என்று பார்த்தான். போல்ட் இறுகியிருந்தது. ஸ்பானர் கரையில், கொட்டகையில் இருந்தது. பல்லால் கடித்தான் அண்ணா. வாயெல்லாம் ரத்தம்.

எட்டு மணிக்கு நின்றோம். கத்தினோம். கோரை ஆள் உயரம், கரையில் யாருக்கும் தெரியாது. ஒன்பது மணிக்கு அவள், "கரை வந்துடுச்சாம்மா?" என்று கேட்டாள். "வந்துக்கினு இருக்குது" என்றேன். கொஞ்சம் கழித்து மாமியாரிடம், "புள்ளைய நனையாம வச்சிக்கோ அத்தே" என்றாள். அப்புறம் பேசவில்லை.

பத்து மணிக்கு விதியை விட்டுவிட்டேன். கையைக் கழுவ மருந்துத் தண்ணீர் இருந்தது. கையை உள்ளே விட்டு எடுத்தேன். துண்டு துண்டாக வந்தது. ரத்தம் குறைந்தது. ஆனால் அவள் அதற்குள் ஐஸாகிவிட்டாள். பதினொன்றரைக்கு மூச்சு நின்றது. ஒரு மணிக்கு உப்புப் படகு ஒன்று எங்களைப் பார்த்தது.

குழந்தை உயிரோடு இருக்கிறது. அத்தைக்காரி ஒருத்தி பால் கொடுக்கிறாள்.

காரியதரிசி வந்து மோட்டாருக்குச் சேதம் உண்டா என்று பார்த்தார். சேதம் இல்லை.

லூர்து


விழுப்புரம்
29-11-1940

லூர்து,

போல்டை இறுக்கச் சொன்னது நான். ஸ்பானரைப் படகிலேயே கட்டி வை என்று எழுதாதது நான். எழுதியவற்றை எல்லாம் மனதுக்குள் ஒரு தரம் ஓட்டிப் பார்த்தேன், அது இல்லை. கவ்வியோடு மட்டும் விட்டிருந்தால் பூமாலை இரண்டு திருகில் கழற்றியிருப்பான்.

நேற்று வேலையில் ஒரு இன்ஜினின் அடியில் படுத்திருந்தேன். எழுந்திருக்க மனம் வரவில்லை. தேவசகாயம் காலைப் பிடித்து இழுத்தார்.

விசாரணை வைப்பார்கள், உன் மேல் போடுவார்கள். என் கடிதங்களைக் காட்டு. மூன்று போதும் என்று எழுதியிருக்கிறேன், ஒன்பதானால் என்ன ஆகும் என்றும் எழுதியிருக்கிறேன். எல்லாவற்றையும் எடுத்துக் காட்டு.

அண்ணன்


திண்டிவனம்
4-12-1940

அண்ணா,

காட்ட மாட்டேன். அக்டோபர் கடிதத்தில் இரும்பு எங்கிருந்து வந்தது என்று உங்கள் கையாலேயே எழுதியிருக்கிறீர்கள். அதை ஒளித்துவிட்டு மற்றதைக் காட்டினால், பலகைக்கு இரும்பு யார் செய்தது என்று கேட்பார்கள். எப்படிச் சுற்றினாலும் உங்களிடம் வந்து நிற்கும். யுத்த காலத்தில் ரயில்வே இரும்பு என்றால் வேலை மட்டுமா போகும்? அண்ணி இருக்கிறாள், நான்கு பிள்ளைகள் இருக்கிறார்கள்.

குற்றம் மூன்று என்று காகிதம் கொடுத்திருக்கிறார்கள். ஒன்பது குதிரை மோட்டார் வேண்டும் என்று நான் எழுதிக் கேட்டேன். கழி இல்லாமல் நோயாளியைத் தண்ணீரில் கொண்டு போனேன். தாதி செய்யக்கூடாத காரியத்தைச் செய்தேன். மூன்றும் நடந்ததுதான். எதை இல்லை என்பது?

பூமாலையைக் கூப்பிட்டு, அம்மாதான் வேகமாக ஓட்டச் சொன்னாள் என்று சொல்லச் சொன்னார்களாம். "நான் அப்பிடிச் சொல்ல மாட்டேன்னுட்டு வூட்டுக்குப் பூட்டேன்" என்கிறான். அவன் வேலை அன்றோடு போய்விட்டது.

டிசம்பர் 16, திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு விசாரணை. பட்டணத்திலிருந்து ஒரு டாக்டரம்மா வருகிறார்கள். நீங்கள் வர வேண்டாம். என் கடிதங்கள் உங்களிடம் இருந்தால் அடுப்பில் போட்டுவிடுங்கள்.

லூர்து


விழுப்புரம்
20-12-1940

லூர்து,

விசாரணை அன்றைக்கு உன்னோடு இரண்டு வார்த்தை பேச முடியவில்லை. ஒவ்வொருவராகத்தான் கூப்பிட்டார்கள். நான் உள்ளே போகும்போது நீ வெளியே சுவர் ஓரமாக நின்றிருந்தாய். நான்கு நாற்காலி காலியாகக் கிடந்தன. நான் வெளியே வரும்போது உன்னை உள்ளே அழைத்துவிட்டார்கள். எனக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது. லீவு சொல்லாமல் வந்தவன். அதனால் உள்ளே நடந்ததை எழுதுகிறேன்.

உன் கடிதங்களை அடுப்பில் போடவில்லை. அத்தனையையும் மேஜை மேல் வைத்தேன். நீ கையெழுத்துப் போட்ட கதை இருக்கிற கடிதத்தை டாக்டரம்மா சத்தமாகப் படித்தார்கள். பாண்டைப் பற்றிச் சொன்ன இடம் வந்ததும் அரங்கநாதன் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். வாத்து சுடுகிறதையும் கழியையும் பற்றி எழுதியதைப் படித்தபோது உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டே இருந்தார்.

அப்புறம் என்னைக் கேட்டார்கள். இந்தப் படகுக்கு எத்தனை குதிரை சரி?

"மூணும்மா. காத்து இருந்தாலும் மூணு, இல்லாட்டியும் மூணு."

மூன்றுதான் சரி என்று எழுதியவர் ஒன்பதுக்கு ஏன் இரும்பு செய்து கொடுத்தீர்கள் என்று கேட்டார்கள். இந்தக் கேள்விக்காகத்தான் வழியெல்லாம் யோசித்து வந்தேன். யோசித்ததை விட்டுவிட்டு வாயில் வந்ததைச் சொன்னேன்.

"என் தங்கச்சி எப்பிடியும் அதுல ஏறுவாம்மா. ஏறாம இருக்க அவளுக்கு வழி இல்ல. பலகையாவது தாங்கட்டும்னு செஞ்சேன்" என்றேன்.

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டார்கள். அப்போது அரங்கநாதன் ஜன்னலிலிருந்தே, இரும்பு எங்கே வாங்கினது என்று கேட்டார். வக்கீல் அல்லவா? வாங்கவில்லை, ஷெட்டிலிருந்து எடுத்தேன் என்றேன். அதை அவர் தனியாக ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டார்.

வேறொன்றும் இல்லை. இங்கே எல்லாரும் சுகம். முடிவு தெரிந்ததும் எழுது.

அண்ணன்


திண்டிவனம்
20-1-1941

அண்ணா,

முடிவு வந்துவிட்டது. பதிவில் என் பெயர் இருக்கிறது. மோட்டாரைத் தேர்ந்ததில் நர்ஸுக்குப் பொறுப்பில்லை என்று எழுதியிருக்கிறார்கள். காரியதரிசிக்கும் பொறுப்பில்லை, கமிட்டி முழுவதும் சேர்ந்து எடுத்த தீர்மானமாம். அவரே காரியதரிசியாக இருக்கிறார். குற்றம் இல்லை என்று ஆகிவிட்டதால் பாண்டும் அப்படியே இருக்கிறது. இன்னும் ஒரு வருஷம் எட்டு மாதம், இதே ஊர், இதே ஏரி. பூமாலையைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்லி டாக்டரம்மா எழுதியதால் எடுத்துக்கொண்டார்கள். மூன்று குதிரை மோட்டார் வாங்கவும் எழுதினார்கள். யுத்தத்தில் கப்பலில் வருவதில்லையாம். மறுபடியும் கழிதான். ஒன்பது குதிரை இப்போது என் சாமான் அறையில் சாய்த்து வைத்திருக்கிறது. என் புடவையெல்லாம் பெட்ரோல் நாற்றம்.

உங்களிடம் சொல்லாத ஒன்று. விசாரணை முடிந்ததும் எல்லாரையும் போகச் சொல்லிவிட்டு டாக்டரம்மா என்னை மட்டும் நிறுத்தினார்கள். கையை விட்டு எடுத்தது குற்றம் என்று சொல்லப்போகிறார்கள் என்று நின்றேன். அவர்கள் மெதுவாக, "நீ செஞ்சது சரி. ஆனா ரெண்டு மணி நேரம் முன்னாலயே செஞ்சிருக்கணும்மா" என்றார்கள். ஏரியில் நின்ற எட்டு மணியிலிருந்து பத்து மணி வரை நான் விதியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் கரை வந்ததா என்று கேட்டது அந்த நேரத்தில்தான். போல்டைப் பற்றி நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். நான் இதை நினைத்துக்கொண்டிருக்கிறேன். யாருடையது கனம் என்று நாம் பேச வேண்டாம்.

போன வியாழக்கிழமை மேட்டிலிருந்து கூப்பிட்டார்கள். கழி ஊன்றி இரண்டே கால் மணியில் போனோம். தலைப் பிரசவம், பெண் குழந்தை. நஞ்சு தங்கியது. வயிற்றைப் பிசைந்து பார்த்தேன், வரவில்லை. நான் காத்திருக்கவில்லை. தாயும் குழந்தையும் சுகம். அறிக்கையில் செய்ததைச் செய்தபடியே எழுதிக் கொடுத்தேன். காரியதரிசி படித்துவிட்டு என்னைப் பார்த்தார். மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். என்றைக்கு வெளியே எடுப்பார் என்று தெரியாது.

நீங்கள் எழுதாததை அண்ணி பிள்ளையை விட்டு எழுதிவிட்டாள். நேற்று தபால் கார்டு வந்தது. பொங்கலுக்கு முதல் நாளே வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள் என்றும், கேஸ் போடாமல் விட்டதே பெரிது என்று தேவசகாயம் சொல்கிறார் என்றும், 31-ஆம் தேதிக்குள் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும் என்றும் எழுதியிருக்கிறாள். விக்கிரவாண்டியில் மல்லாட்டைக் கடலை உடைக்கிற மில்லில் எண்ணெய் இன்ஜின் பார்க்க ஆள் கேட்கிறார்கள், ஆனால் வீடு யாரும் தரவில்லை, திருட்டுப் பட்டம் முன்னால் போய் நிற்கிறது என்றாள்.

எனக்குக் கொடுத்த வீட்டில் இரண்டு அறை. நர்ஸோடு உறவினர் தங்கக்கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறது. அண்ணியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு 28-ஆம் தேதி செவ்வாய்க்கிழமை காலை பாசஞ்சரில் வாருங்கள். நானும் பூமாலையும் ஸ்டேஷனில் நிற்கிறோம். இரண்டாவது அறையைப் பெருக்கிக் கழுவிவிட்டேன்.

லூர்து